ஒன்பதே முக்காலே அரைவீசம்

என் வாழ்நாளில் விலை ஏறாத ஒன்றைச் சொல் என்று யாராவது கேட்டிருந்தால், கொஞ்சமும் யோசிக்காமல் புவியீர்ப்பு முடுக்கம் என்று சொல்லியிருப்பேன். 1981-இல் நான் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது அது 9.8. கையிலிருந்து நழுவும் எந்தப் பொருளும் ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு 9.8 மீட்டர் வேகம் கூடிக்கொண்டே கீழே வரும். இப்போது என் அக்கா பேத்தி பதினொன்றாம் வகுப்பு. அவளுடைய நீட் பயிற்சித் தாளில் 'ஜி = 10 எனக் கொள்க' என்று போட்டிருக்கிறது. இடையில் அரசாணை ஏதும் வந்ததாக நினைவில்லை.

"எதுக்கும்மா பத்து?" என்று கேட்டேன்.

"பெருக்க ஈஸி தாத்தா. நூத்தி எண்பது கேள்வி, நூத்தி எண்பது நிமிஷம். ஒன்பது புள்ளி எட்டால வகுத்துக்கிட்டு உக்காந்திருந்தா சீட்டு போயிடும்."

எங்கள் காலத்தில் இப்படியா என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். அதற்குள் எங்கள் பள்ளி ஆய்வுக்கூடம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. மூடிக்கொண்டேன்.

கும்பகோணத்துக்குப் பக்கத்துப் பள்ளி. தனி ஊசல் என்பது அங்கே ஓர் இரும்புத் தாங்கி, நடுவில் பிளந்த கார்க், பிளவுக்குள் மாட்டிய நூல், நூலின் நுனியில் பித்தளைக் குண்டு. குண்டைக் கொஞ்சம் விலக்கி விட்டு, இருபது அலைவுக்கு எவ்வளவு நேரம் என்று ஸ்டாப் கிளாக்கில் பார்க்க வேண்டும். நூலின் நீளத்தை மாற்றி மாற்றி இதையே செய்து, நீளத்தை அலைவு நேரத்தின் வர்க்கத்தால் வகுத்து, பை வர்க்கத்தாலும் நான்காலும் பெருக்கினால் பூமி நம்மை எவ்வளவு இழுக்கிறது என்று தெரிந்துவிடும். இவ்வளவு மலிவாகப் பூமியை விசாரிக்க வேறு வழி கிடையாது.

விசாரிப்பதில்தான் சிக்கல். பாதிப் பேர் குண்டை விட்ட கணமே 'ஒன்று' என்று எண்ண ஆரம்பிப்பார்கள். விடும்போது சுழி, போய்த் திரும்பி வந்தால்தான் ஒன்று. ஒன்றிலிருந்து எண்ணினவன் இருபது என்று நினைத்துக்கொண்டு பத்தொன்பது அலைவைத்தான் அளந்திருப்பான். அவனுடைய ஜி 10.8-க்கு ஏறிவிடும். எங்கள் இயற்பியல் வாத்தியார் நோட்டை வாங்கிக் கடைசி வரியை மட்டும் பார்ப்பார். "பத்து புள்ளி எட்டா? ஒண்ணுலேருந்து எண்ணியிருக்கே. போய் சைபர்லேருந்து எண்ணிட்டு வா." ஊசல் பக்கம் திரும்பக்கூட மாட்டார். அந்த லாபில் நடந்த அசல் இயற்பியல் அவருடைய அந்தப் பார்வை ஒன்றுதான்.

மற்றதெல்லாம் பரம்பரைச் சொத்து. ரெக்கார்டு நோட்டு அண்ணனிடமிருந்து தம்பிக்கு வரும், தம்பியிடமிருந்து பக்கத்து வீட்டுப் பையனுக்குப் போகும். வாசிப்புகள் அதில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள் லேப் அட்டெண்டர் அண்ணன் எங்களை ஓரமாகக் கூப்பிட்டு நிற்கவைத்தார். "எல்லாரும் 9.8 போட்டுத் தொலைக்காதீங்கடா. எக்ஸ்டர்னல் சந்தேகப்படுவாரு. நாலு பேர் 9.79 போடுங்க, நாலு பேர் 9.82 போடுங்க." அளவீட்டுப் பிழைகள் நடு மதிப்பைச் சுற்றி இரண்டு பக்கமும் எப்படிப் பரவும் என்பதை காஸ் என்ற ஜெர்மன் கணித மேதை பெரிய கணக்குப் போட்டுச் சொன்னார். எங்கள் அண்ணன் அதை ஆள் வைத்து நடத்திக் காட்டினார்.

இதில் வேடிக்கை, எங்கள் ஸ்டாப் கிளாக் அரை விநாடிக்குக் குறைந்து எதையும் காட்டாது. ஒரு மீட்டர் ஊசல் இருபது தடவை ஆட ஏறத்தாழ 40 விநாடி. அதில் அரை விநாடி முன்பின் ஆனால் ஜி 9.5-க்கும் 10-க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் விழும். ஒரு வகுப்பு முழுவதும் 9.8-ஐ ஒட்டியே நின்றது என்றால், கடிகாரம் அதற்குப் பொறுப்பில்லை. உண்மையாக அளந்திருந்தால் இன்றைய நீட் தாளின் 10 கூட எங்கள் வகுப்பில் யாருக்காவது வந்திருக்கும். அவனைத் திரும்பச் செய்யச் சொல்லியிருப்பார்கள்.

ஒருவனைத் திரும்பச் செய்யச் சொன்னார்கள். அவன் நோட்டு இரவல் வாங்காதவன். அவனுக்கு வந்தது 9.78. சிவப்பு மையில் ஒரு சுழி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. மறுநாள் 9.8 எழுதிக்கொண்டு வந்து கையெழுத்து வாங்கினான். அந்தக் கடிகாரத்தில் 9.78 வந்ததும் குருட்டு அதிர்ஷ்டம்தான், சந்தேகமில்லை. ஆனால் தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஜி-யின் நிஜ மதிப்பே 9.78.

பூமி இடுப்புப் பெருத்த உருண்டை. நிலநடுக்கோட்டில் நிற்பவன் துருவத்தில் நிற்பவனைவிட ஏறக்குறைய 21 கிலோமீட்டர் மையத்திலிருந்து தள்ளி நிற்கிறான். போதாததற்குப் பூமி சுழலும் வேகமும் அங்கேதான் அதிகம். அதுவும் இழுப்பைக் கொஞ்சம் குறைத்துக் காட்டும். நிலநடுக்கோட்டில் ஜி 9.780, துருவத்தில் 9.832. பதினோரு டிகிரி அட்சரேகையில் இருக்கும் தஞ்சாவூருக்குக் கணக்குப் போட்டால் 9.782. புத்தகத்தில் இருக்கும் 9.8 எந்த ஊர்ச் சரக்கு என்றால், 1901-இல் எடைகள், அளவுகளுக்கான பொதுமாநாடு கூடி, 45 டிகிரி அட்சரேகையை மனத்தில் வைத்து 9.80665 என்று நிர்ணயித்தது. அதை வெட்டிச் சுருக்கியதுதான் நமக்கு வந்து சேர்ந்த 9.8. பாரிசில் சரியாக ஓடும் ஊசல் கடிகாரத்தைக் கொண்டுவந்து கும்பகோணத்தில் மாட்டினால் ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் பின்தங்கும். இது ஊகமல்ல. 1672-இல் ஜான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரிசிலிருந்து தென்னமெரிக்காவின் கயேன் தீவுக்குப் போனார். அங்கே அவருடைய கடிகாரம் தினம் இரண்டரை நிமிடம் பின்னால் போயிற்று. பூமியின் இடுப்பு பெருத்தது என்று வாதாட நியூட்டனுக்கு அது கைகொடுத்தது.

என் தாத்தா திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி படித்தவர். தசமப் புள்ளி அவருக்குப் பிடிக்காது; அது கும்பினிக்காரன் விட்ட எச்சில் என்பார். கால், அரைக்கால், வீசம், அரைவீசம் என்றுதான் கணக்கு ஓடும். வீசம் என்றால் பதினாறில் ஒன்று, அரைவீசம் முப்பத்திரண்டில் ஒன்று. 'முக்காலே மூணுவீசம்' பேர் அயோக்கியர்கள் என்று இன்றைக்கும் நாம் திட்டுவது அந்த வாய்ப்பாட்டில்தான். அவருடைய கணக்கில் ஒன்பதே முக்காலே அரைவீசம் என்றால் 9.78125. தஞ்சாவூர் ஜி-க்கும் அதற்கும் ஆயிரத்தில் ஒன்றுகூட வித்தியாசம் இல்லை. ஆக, எங்கள் ரெக்கார்டு நோட்டுகள் எல்லாவற்றையும்விடத் தாத்தாவின் அரைவீசம் பூமிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறது. அவருக்கு ஊசல் என்றால் மந்திரவாதி தொங்கவிடுவது என்று மட்டும்தான் தெரியும், அது வேறு விஷயம்.

நம் ஊரில் யாரும் இதை அளக்கவே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். சென்னை வானாய்வுக் கூடத்தில் 1821-இல் ஜான் கோல்டிங்காம் ஊசலை ஆட்டி உட்கார்ந்திருக்கிறார். அதோடு விடாமல், சுமத்ராவுக்குப் பக்கத்தில் நிலநடுக்கோட்டை ஒட்டிய ஒரு தீவுக்கும் ஊசலோடு ஆட்களை அனுப்பினார். அதே மனிதர்தான், கோட்டையிலும் பரங்கிமலையிலும் பீரங்கி வெடிக்கும்போது ஒளி தெரிந்ததற்கும் சத்தம் கேட்டதற்கும் இடைப்பட்ட நேரத்தை நாள்தோறும் குறித்துவைத்து ஒலியின் வேகத்தைக் கணக்கிட்டவர். கூடவே வெப்பம், ஈரம், காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதையும் எழுதிவைத்தார். இரண்டு கட்டுரைகளும் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வந்திருக்கின்றன. எங்கள் பாடப்புத்தகத்தில் கோல்டிங்காமுக்கு ஒரு வரி இல்லை. கலிலியோவும் பைசா கோபுரமும் இருந்தார்கள். பீரங்கிச் சத்தம் கேட்ட ஊர்க்காரர்கள் நாங்கள், சாய்ந்த கோபுரத்தைப் படம் வரைந்து மதிப்பெண் வாங்கினோம்.

இன்றைக்கு ஜி-யை அளக்க நூலும் வேண்டாம், கார்க்கும் வேண்டாம். எல்லா ஃபோனுக்குள்ளும் முடுக்கமானி இருக்கிறது. ஜெர்மனியில் ஆகன் பல்கலைக்கழகத்தார் செய்த ஃபைஃபாக்ஸ் என்ற ஆப்பைப் பேத்தியை விட்டே இறக்கச் சொன்னேன். சும்மா மேசையில் கிடக்கும் ஃபோன் 9.8 சொச்சம் என்று காட்டும். கையிலிருந்து நழுவி விழும் ஃபோன், விழுந்துகொண்டிருக்கும் அந்த அரை நொடியில், சுழி காட்டும். மேசை தன்னை மேல்நோக்கித் தாங்குவதைத்தான் அது உணர்கிறது, விழுவதை அல்ல. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளுக்கு விளக்க ஆரம்பித்தேன். இதே முடிச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஐன்ஸ்டீன் பொதுச் சார்பியலுக்குப் போனார் என்றேன். "அது சிலபஸ்ல இல்ல தாத்தா" என்றாள்.

வீட்டிலிருந்த மூன்று ஃபோன்களையும் வரிசையாக மேசையில் வைத்தோம். மூன்றும் மூன்று விதமாகச் சொல்லின. ஒன்றில் முதல் தசம இடமே வேறு. எல்லாமே புள்ளிக்குப் பிறகு தாராளமாக எண்களை அள்ளி இறைத்தன.

"எது சரி தாத்தா?"

"நீ என்ன நெனைக்கிறே?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அம்மா ஃபோன்தான் விலை ஜாஸ்தி. அதுவா இருக்கும்."

எங்கள் வாத்தியார் இருந்திருந்தால் அடுத்த கேள்வி சுழிப்பிழை பற்றியதாக இருந்திருக்கும். திருகு அளவியைக் கையில் கொடுக்கும்போதே அவர் ஒரு மந்திரம் சொல்வார்: "கருவி பொய் சொல்லும். எவ்வளவு பொய் சொல்லும்னு மொதல்ல கேட்டுக்க. அப்புறம் கம்பியைக் காட்டு." வாய் இரண்டையும் சேர்த்து மூடினால் சுழியில் நிற்க வேண்டிய அளவுகோல் எங்கள் லாபில் எந்தக் கருவியிலும் சுழியில் நின்றதில்லை. மூன்று பிரிவு முன்னால் நிற்பது, ஐந்து பிரிவு பின்னால் நிற்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். மேல் வகுப்பு மாணவர்கள் கருவிகளை அவற்றின் பொய்யை வைத்தே அடையாளம் சொல்வார்கள். 'ஐந்து மைனஸ்' யாருக்கு வருகிறது என்று தேர்வன்று ஒரு பதற்றம் ஓடும்.

சுழிப்பிழை என்ற தத்துவத்தை இன்றும் காப்பாற்றிவருவது தமிழ்நாட்டின் பெட்ரோல் பங்குகள்தான். "சார், சீரோ பாத்துக்கங்க" என்ற குரல் கேட்கும்போதெல்லாம் எனக்கு வாத்தியார் ஞாபகம். நாம் தலையை நீட்டி, 0.00 என்பதை ஒரு தடவை பார்த்து, திருப்தியோடு தலையாட்டுகிறோம். எண் சுழியில் ஆரம்பித்ததா என்பது தெரிந்துவிடும். அந்த எண் ஒன்று கூடும்போது நிஜமாகவே ஒரு லிட்டர் விழுகிறதா என்பது அதில் தெரியாது. அதைப் பார்க்க பங்குகளில் முத்திரை போட்ட ஐந்து லிட்டர் அளவைப் பாத்திரம் வைத்திருக்கிறார்கள். கேட்டால் அளந்து காட்ட வேண்டும். கேட்டவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

அலகுகளின் கதை வேறு. 1956-இல் எடைகள், அளவுகள் சட்டம் வந்தது. மறுவருடம் ஏப்ரலில் நயா பைசா வந்தது. வீசையும் பலமும் ஒவ்வொன்றாகக் கடையை விட்டுப் போயின. நான் பள்ளிக்குப் போன காலத்தில் எல்லாம் மெட்ரிக் ஆகிவிட்டதாகப் பாடப்புத்தகம் அறிவித்துவிட்டது. வீட்டில் யாரும் அந்த அறிவிப்பைப் படிக்கவில்லை. காய்ச்சல் ஃபாரன்ஹீட்டில் அடித்தது, மாப்பிள்ளை அடி அங்குலத்தில் உயர்ந்தார், நகை பவுனில் வந்தது, மல்லிகைப்பூ முழத்தில். அந்த முழமும் விற்பவரின் முழம். கை நீண்ட பூக்காரம்மாவைத் தேடிப் போவதில் என் அத்தைகளுக்கு இருந்த நுட்பம் எந்த அளவியல் நிறுவனத்துக்கும் கிடையாது. இதில் எதுவும் இன்றுவரை மாறவில்லை. இன்று 299,792,458-இல் ஒரு பங்கு விநாடியில் ஒளி வெற்றிடத்தில் போகும் தூரம்தான் மீட்டர். 2019 மே 20 முதல் கிலோகிராமும் உலோகக் கட்டியை விட்டுவிட்டு பிளாங்க் மாறிலிக்குக் குடிபோய்விட்டது. பூக்காரம்மாவின் முழங்கை இருந்த இடத்தில் இருக்கிறது.

நிலத்தில் இன்னும் மோசம். போன வருடம் எங்கள் குடும்பத்துத் துண்டு நிலம் ஒன்றை விற்கப் பேச்சு வந்தது. பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருந்தது. பத்திரத்தில் ஏக்கர், சென்ட். தரகர் சதுர அடிக்குக் குறைந்து வாய் திறக்கவில்லை. என் பெரியப்பா மகன் மட்டும் கடைசிவரை மா கணக்கிலேயே நின்றார். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஒரு மா என்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஏக்கர். "ஏறத்தாழவா? அந்த ஏறத்தாழலதான் வரப்பு தகராறே" என்றார் அவர். பிழை எல்லை என்ற பாடத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் நடத்த முடியாது. பேத்தியின் ஃபோன் எல்லாவற்றையும் எல்லாவற்றுக்கும் மாற்றிச் சொன்னது, ஆறு தசம இடத்துக்கு. சதுர மீட்டரில் ஆறாவது தசமம் ஒரு சதுர மில்லிமீட்டர். அவ்வளவு நுட்பமாக அளந்து கொடுத்த நிலத்தின் கிழக்கு எல்லை, பத்திரப்படி, 'வாய்க்காலுக்கு மேற்கே'.

தஞ்சாவூர்க்காரனுக்குத் தசம இடங்களின் மேல் மரியாதை வர வேண்டும் என்றால் பெரிய கோவிலைத்தான் காட்ட வேண்டும். ராஜராஜனுக்காகச் சொல்லவில்லை. 1802-இல் பரங்கிமலைக்குப் பக்கத்தில் ஏழரை மைல் நேர்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்து, இந்தியாவின் பெரிய முக்கோண அளவைப் பணியை வில்லியம் லாம்டன் தொடங்கினார். ஒரு கோட்டைச் சரியாக அளந்துவிட்டால் போதும், அதன்பிறகு கோணங்களை வைத்தே முக்கோணம் முக்கோணமாக நாட்டை மூடிக்கொண்டு போகலாம். கோணம் பார்க்க உயரமான இடம் வேண்டும். காவிரிப் படுகையில் குன்று ஏது? கோபுரங்கள்தான் குன்று. 1808-இல் அரை டன் கனமுள்ள தியோடலைட்டைப் பெரிய கோவில் விமானத்தின் மேல் கயிறு கட்டி ஏற்றினார்கள். கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, கோணம் காட்டும் வட்டம் நெளிந்துபோயிற்று. லாம்டன் இன்னொன்று வாங்கித் தாருங்கள் என்று எழுதிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. வாரக்கணக்கில் உட்கார்ந்து, ஆப்பும் திருகும் கப்பியும் வைத்து, நெளிந்த வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பழைய உருவத்துக்குக் கொண்டுவந்தார். அதைக்கொண்டே மேலே அளந்தார். நொறுங்கிய கருவி எவ்வளவு பொய் சொல்லும் என்று அவருக்குக் கடைசி மயிரிழைவரை தெரிந்திருக்க வேண்டும்.

போன மாதம் அதே விமானத்துக்குக் கீழே நின்று பேத்தி தன் தோழிக்கு லொகேஷன் அனுப்பினாள். அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் ஆறு தசம இடத்துக்கு. டிகிரியில் ஆறாவது தசமம் என்றால் தரையில் பத்து சென்டிமீட்டர் சொச்சம். திறந்த வெளியில்கூட அந்த ஃபோன் சில மீட்டர் முன்பின் சொல்லும். தோழி நந்தி மண்டபத்தில் தேடிக்கொண்டிருந்தாள்.

திசை விஷயத்துக்கு வருகிறேன். வெக்டர் என்பது அளவும் திசையும் சேர்ந்தது என்று போர்டில் எழுதிவிட்டு வாத்தியார் ஓர் உதாரணம் சொன்னார்: வீட்டிலிருந்து கிளம்பி, கும்பேஸ்வரர் கோவிலைச் சுற்றிவிட்டு வீட்டுக்கே திரும்பினால், கடந்த தொலைவு ஒரு மைல், இடப்பெயர்ச்சி சுழி. இதை வீட்டில் வந்து ஒப்பித்தபோது பாட்டி உலையிலிருந்து தலையைத் தூக்கி, "புண்ணியமும் சைபர்ங்கறானா உங்க வாத்தி?" என்று கேட்டாள். மறுநாள் வாத்தியாரிடம் சொன்னேன். புண்ணியம் ஸ்கேலார் என்றார். திசை கிடையாது, கூட்டிக்கொண்டே போகலாம்.

அடுத்தது படகுக் கணக்கு. படகின் வேகம் 5, ஆற்றின் வேகம் 3. எதிர்க்கரையில் நேர் எதிரே போய்ச் சேர எந்தப் பக்கம், எத்தனை டிகிரி திருப்ப வேண்டும்? நீரோட்டத்துக்கு எதிராக 37 டிகிரி. என் மாமா ஊருக்கு அப்போது கொள்ளிடத்தில் ஓடம் ஏறித்தான் போக வேண்டும். அடுத்த முறை போனபோது ஓடக்காரரைக் கவனித்தேன். எதிர்க்கரைத் துறையில் ஓர் ஆலமரம். அவர் மரத்தைப் பார்த்து ஓடத்தை விடவில்லை. மேற்கே, வெகு தள்ளி, ஒன்றுமில்லாத மணல்மேட்டைப் பார்த்து மூக்கைத் திருப்பி வைத்தார். ஓடம் குறுக்காகச் சரிந்து சரிந்து போய் மரத்தடியிலேயே முட்டிற்று. எத்தனை டிகிரி என்று கேட்டேன். "தண்ணிக்குத் தக்கன" என்றார். ஆடி வெள்ளத்தில் ஒரு மேடு, ஐப்பசியில் வேறு மேடு, தையில் மரமே போதும். அவருடைய வாய்ப்பாடு கரை நெடுக நட்டு வைத்திருந்தது.

இன்று அங்கே பாலம். வருடத்தில் பெரும்பாலான நாட்கள் பாலத்தடியில் மணல். ஆற்றின் திசைவேகம் சுழி, கணக்கு ரொம்ப எளிது. மேட்டூர் நிரம்பி வழிந்தால் மட்டும் மொத்தமாக ஒரே நாளில் வந்து எல்லாப் பாக்கியையும் தீர்த்துவிட்டுப் போகிறது. 2018 ஆகஸ்டில் திருச்சியில் பழைய கொள்ளிடப் பாலத்தின் தூண்களையே சாய்த்தது. பேத்தி படகுக் கணக்கை முப்பது விநாடிக்குள் முடித்துவிடுவாள். 3, 4, 5 என்றாலே 37 என்று மனப்பாடம். அவள் இதுவரை ஓடம் ஏறியதில்லை.

இடப்பெயர்ச்சிக்கும் தொலைவுக்கும் உள்ள வித்தியாசத்தை இந்தத் தலைமுறைக்குப் புரியவைத்தவர்கள் உணவு கொண்டுவரும் பையன்கள். சென்னையில் என் மகன் வீடு பக்கிங்காம் கால்வாய்க் கரையில். பிரியாணி கால்வாய்க்கு அந்தப் பக்கம் வந்து நிற்பது வரைபடத்திலும் தெரியும், ஜன்னலிலும் தெரியும். நேர்க்கோட்டில் கூப்பிடு தூரம். பாலம் சுற்றி, ஒருவழிப் பாதை சுற்றி வர வேண்டும். "இதோ நிக்கிறான் பாருங்கப்பா, ஏன் வர மாட்டேங்கறான்?" என்று மகன் பொருமுகிறான். அவன் பொறியியல் படித்தவன்.

பஸ்ஸைச் சொல்லாமல் இயக்கவியலை முடிக்க முடியாது. கும்பகோணம் – தஞ்சாவூர் தனியார் பஸ்களில் அந்தக் காலத்தில் வேகமானி முள் படுத்தே கிடக்கும். வேகம் தெரியாது, நேரம் மட்டும் தெரியும். பின்னால் வரும் பஸ் எத்தனை நிமிடத்தில் வந்து கலெக்ஷனைப் பிடுங்கும் என்பதுதான் டிரைவருக்குத் தெரிய வேண்டிய ஒரே இயக்கவியல். வாத்தியாரும் அதே பஸ்ஸில் வருவார். படிக்கட்டில் தொங்கும் கூட்டத்தைக் கண்டக்டர் "உள்ள போ, உள்ள போ" என்று கத்திப் பார்ப்பார். யாரும் நகர மாட்டோம். கடைசியில் ஒரு விசில் கொடுப்பார். டிரைவர் அரை விநாடி பிரேக்கை மிதிப்பார். மொத்தப் பஸ்ஸும் இரண்டடி முன்னால் போய் அடங்கும். பின்னால் பத்துப் பேருக்கு இடம் கிடைத்துவிடும். நிலைமம் பற்றி வகுப்பில் ஒரு வாரம் நடத்திய வாத்தியார், ஒரு தடவை சாக்பீஸ் பையோடு எங்கள்மேல் வந்து விழுந்து எழுந்தார். நாங்கள் சிரிக்கவில்லை. அவரும் நியூட்டனை எடுக்கவில்லை.

இப்போது பேத்தி போவது ஸ்கூல் வேனில். வேனில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி உண்டு, ஜி.பி.எஸ். உண்டு, அவள் அம்மாவின் ஃபோனில் ஓர் ஆப் உண்டு. சின்ன மஞ்சள் வண்டி வரைபடத்தில் ஊர்ந்துகொண்டே இருக்கும். சிக்னல் சரியில்லாத இடத்தில் சாலையை விட்டு இறங்கி யாருடைய வயலிலோ உழும், பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி சாலையில் ஏறிக்கொள்ளும். வண்டி நின்றால் ஃபோன் கூவும்: வாகனம் நின்றுவிட்டது. அன்றைக்குக் கூவியதும் அக்கா மகள் பதறி டிரைவரைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், எனக்கும் கேட்டது.

"ஏன் நிக்கிறீங்க?"

"கேட்டு போட்டிருக்காங்க மேடம். ரயில் போகுது."

"ஆப்புல ஸ்பீடு சைபர்னு காட்டுதே."

"நாங்க எங்க மேடம் நிக்கிறோம்? ரயில்ல இருக்கறவங்களைக் கேட்டுப் பாருங்க. வேன் அறுபதுல பின்னால போகுதும்பாங்க."

எனக்கு அந்தப் பையனை அப்போதே கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. சாயங்காலம் விசாரித்தேன். மெக்கானிக்கல் இன்ஜினீயரிங், முதல் வகுப்பு. இரண்டு வருடம் வேலை தேடிவிட்டு ஸ்டியரிங் பிடித்தவர். அக்கா மகள் அதற்குள் வேன் காண்ட்ராக்டருக்கு வாட்ஸாப்பில் புகார் அனுப்பியிருந்தாள், டிரைவர் மரியாதையில்லாமல் பேசுகிறார் என்று. "மாமா, சரியா இருக்கா பாருங்க" என்று என்னிடம் காட்டினாள். வண்டி எண், இடம், நேரம் எல்லாம் விநாடி சுத்தமாக எழுதியிருந்தாள். வேகம் 0.00 கி.மீ. என்று, இரண்டு தசம இடத்துக்கு.